சித்தியின் அறையில் வந்த வாடை

மெயின் போர்டில் ட்ரிப்பர் விழுந்து கரண்ட் போனால் உடனே போய்த் தூக்கிவிடுகிற பழக்கம் எனக்கு இல்லை. நம் வயசுக்காரர்களில் நீங்கள் பலரும் அப்படித்தான் செய்கிறீர்கள் என்று தெரியும். டப்பென்று விழும், ஃபேன் நிற்கும், "சே" என்று ஒரு சலிப்பு, தட்டித் தூக்கிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்துவிடுவீர்கள். நான் ஒவ்வொரு அறையாகப் போவேன். எது ஓடிக்கொண்டிருந்தது, எந்த ஸ்விட்ச் சுடுகிறது, எங்கேயாவது வாடை வருகிறதா என்று சுவரோடு மூக்கை வைத்துப் பார்த்த பிறகுதான் தூக்குவேன். "அம்மா மறுபடியும் மோந்துகினு கிளம்பிடுச்சி" என்று என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆம்பூரில் நாங்கள் இருந்த வீட்டை அவர்கள் பார்த்ததில்லை.

அது ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருந்த ஓட்டு வீடு. இப்போது அந்த இடத்தில் செருப்புக் கடை இருக்கிறது. அப்பாவுக்குத் தோல் கம்பெனி ஆபீசில் வேலை. ஆனால் வீடு சுத்த சைவம். ஆம்பூரில் இருந்துகொண்டு சைவமா என்று அப்பாவின் சிநேகிதர்களே கிண்டல் செய்வார்கள். அப்பாவின் சட்டையோடு தினமும் தோல் வாடை வீட்டுக்குள் வரும். மழை பெய்தால் ஊரே ஊறவைத்த தோல் மாதிரி நாறும். அதெல்லாம் எங்களுக்கு உறைக்காது, சோறு போடுகிற வாடை அல்லவா. ஆனால் ஒரு முட்டை எங்கள் வாசல் தாண்டியதில்லை.

நான் ஏழாவது படித்த வருஷம் தை மாதம் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி, எங்களோடுதான் இருந்தார். ஷூ கம்பெனியில் வேலை. அதே கம்பெனியில் ஷூவின் மேல்தோல் தைக்கிற பிரிவில் இருந்த பெண்ணை விரும்பிக் கட்டிக்கொண்டார். அவர்கள் வாணியம்பாடிக்காரர்கள். ஆடு, கோழி, மீன், கருவாடு எல்லாம் சாப்பிடுகிற வீடு. அதனாலேயே இந்தக் கல்யாணம் ரொம்ப நாள் இழுத்தது. கடைசியில் அம்மாதான் இறங்கி வந்தாள். ஒரே ஒரு பேச்சு பேசினாள்.

"எங்க வூட்டுக்கு வந்தப்புறம் கவுச்சி கூடாதும்மா. உன்னால முடியுமா?"

"முடியும்க்கா" என்றாள் சித்தி. தலையைக்கூடக் குனியவில்லை, நேராகப் பார்த்துத்தான் சொன்னாள்.

எனக்கு அவளை முதல் நாளே பிடித்துவிட்டது. விரல் நுனியெல்லாம் ஊசி பட்டுச் சொரசொரவென்று இருக்கும். அந்த விரலால் தலை பின்னிவிட்டால் அடுத்த நாள்வரை கலையாது. கம்பெனியில் கழித்துப் போட்ட துண்டுத் தோலை வைத்து எனக்குப் பென்சில் பை தைத்துக் கொடுத்தாள், சிவப்பில் ஒரு பாதி, கறுப்பில் ஒரு பாதி. வகுப்பில் அதை எல்லோரும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். எந்த வருஷம் தொலைத்தேன் என்று நினைவில்லை.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குத் தனி அறை வேண்டுமே. அரிசி மூட்டை வைத்திருந்த சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு மொத்தக் கரண்ட்டும் வருகிற போர்டு அந்த அறைச் சுவரில்தான் இருந்தது. உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும்: தேக்குப் பலகை, அதன்மேல் கறுப்பாக மெயின் ஸ்விட்ச், பக்கத்தில் பல் மாதிரி வெள்ளையாகப் பீங்கான் ஃபியூஸ்கள். அறை சின்னது, கட்டிலை ஒரே ஒரு விதமாகத்தான் போட முடிந்தது. தலைமாடு போர்டுக்கு நேர் கீழே வந்தது.

சித்தி வீட்டில் சீர்வரிசையாக ஒரு கிரைண்டர் கொடுத்திருந்தார்கள். அம்மா அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டுத்தான் முதல் ஈடு அரைத்தாள். ஆட்டுக்கல் சுற்றிச் சுற்றி அம்மாவின் தோள்பட்டை தேய்ந்து கிடந்த காலம் அது. "நல்ல நேரத்துல வந்தடி நீ" என்று சித்தியிடம் அம்மா சொன்னதை நானே கேட்டேன்.

ஆனால் கிரைண்டர் வந்ததும் ஃபியூஸ் போக ஆரம்பித்தது. சாயந்தரம் அம்மா மாவு அரைப்பாள், அப்பா தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடுவார், சித்தப்பா மறுநாள் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றுவார். மூன்றும் ஒன்றாக ஓடினால் வீடே இருண்டுவிடும். அப்பாவுக்கு ஃபியூஸ் போடத் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பீங்கானைப் பிடுங்கி, மெல்லிய கம்பியைச் சுற்றி, திரும்பச் சொருகுவார். விளக்கு வந்ததும் எங்களைத் திரும்பிப் பார்ப்பார். மாசிக்குள் அவருக்கே அலுத்துவிட்டது. பழைய ஒயரைச் சீவி, உள்ளே இருந்த செம்புக் கம்பிகளை ஒன்றாக முறுக்கித் தடியாக ஒன்று செய்தார்.

"இனிமே போவாது பாரு" என்றார்.

போகவில்லை. மூன்றும் ஒன்றாக ஓடின. எல்லோருக்கும் நிம்மதி. சூடு ஜாஸ்தியானால் அறுந்துவிடத்தான் அந்தக் கம்பியை மெல்லிசாகச் செய்கிறார்கள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பங்குனியில் ஒரு சாயந்தரம் சித்தி சமையலறைக்கு வந்து நின்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"அக்கா, ரூமுல மீன் நாத்தம் அடிக்குதுக்கா."

அம்மா போய்ப் பார்த்தாள். நானும் பின்னாலேயே போனேன். வாடை இருந்தது. மார்க்கெட்டில் மீன் கடை ஓரமாக நடக்கும்போது வருமே, அந்த மாதிரி. சந்தேகமே இல்லாத மீன் வாடை.

"நம்ம வூட்டுல மீனு எப்படிமா வரும்?" என்றாள் அம்மா. பூனை கொண்டுவந்து போட்டிருக்கும் என்றார் அப்பா. கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குப் பின்னால், பரணில் எல்லாம் தேடினார்கள். ஒன்றும் இல்லை. காலையில் வாடையும் இல்லை. சாயந்தரம் மறுபடி வந்தது.

சித்திக்கு அப்போது நாள் தள்ளிப்போயிருந்தது. அந்த வாடை வந்தால் ஓடிப்போய்க் கொல்லையில் வாந்தி எடுப்பாள். தினமும் வாடை, தினமும் வாந்தி. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அப்பாவுக்குச் சோறு போட்டபடி சொன்னாள்.

"நானும் புள்ள பெத்தவதான். மசக்கைல வாய் எதுக்கெல்லாம் ஏங்கும்னு எனக்குத் தெரியாதா? அவங்கம்மா கருவாடு குடுத்து அனுப்பியிருப்பாங்க. இவ ஒளிச்சி வெச்சித் தின்றா."

"அவதானே மொதல்ல வந்து நாறுதுன்னு சொன்னா?" என்றார் அப்பா.

"அதுதான் கெட்டிக்காரத்தனம்."

அப்பா மோர் கேட்டார்.

சித்தி இன்னொன்றும் சொன்னாள். "தலமாட்டுல சுவரு சுடுதுக்கா. கை வெச்சிப் பாருங்க" என்றாள். "பங்குனி வெயில்ல எந்தச் சுவருமா சுடல?" என்று அம்மா கேட்டாள். நம் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியாததா. அந்தப் பதில் நியாயமாகத்தான் இருந்தது. யாரும் கை வைத்துப் பார்க்கவில்லை.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா விளக்கேற்றி, சூடம் காட்டிவிட்டுத் திரும்பினாள். சூட வாசனையை மீறி மீன் வாடை கூடம்வரை வந்தது. அம்மா முகம் மாறிவிட்டது. கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சித்தி அறைக்குப் போனாள்.

"பெட்டியத் தொற."

சித்தியின் பெட்டி பச்சை பெயிண்ட் அடித்த தகரப் பெட்டி. அவளே திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அம்மா ஒவ்வொன்றாக எடுத்தாள். கல்யாணப் புடவையை உதறி மோந்து பார்த்தாள். ரவிக்கைகளை, உள்பாவாடைகளை, வளையல் டப்பாவை, பிறக்கப் போகிற குழந்தைக்காகச் சித்தி தைத்து வைத்திருந்த சின்னச் சின்னத் துணிகளைக்கூட மோந்து பார்த்தாள். கட்டில் முழுக்கத் துணி. கருவாட்டுத் துண்டு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அம்மா திட்டிவிட்டு அதோடு விட்டிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. கிடைக்காததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"தின்னு முடிச்சிட்டியா?" என்று கேட்டாள்.

சித்தி வாசற்படியில் நின்றிருந்த சித்தப்பாவைப் பார்த்தாள். நாங்கள் எல்லோருமே அவரைத்தான் பார்த்தோம். சித்தப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"அண்ணி கேக்குறாங்கல்ல. தப்பு பண்ணியிருந்தா ஒத்துக்கோ. வுட்டுடுவாங்க."

சித்தி கட்டிலில் உட்கார்ந்து துணிகளை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைத்தாள். அவசரமே இல்லை. ஒரு ரவிக்கையின் கொக்கி கழன்றிருந்தது. அதைக்கூடச் சரிசெய்துவிட்டுத்தான் மடித்தாள்.

மறுநாள் காலை புடவை மாற்றிக்கொண்டு பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். "அம்மா வூட்டுக்குப் போறேன்க்கா" என்றாள். போய்ட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. நம் வீடுகளில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுப் படி இறங்க மாட்டார்கள். அம்மாவுக்கு அது சுருக்கென்று பட்டிருக்க வேண்டும், "இன்னா பேச்சு இது" என்று முணுமுணுத்தாள். சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை போனார். பஸ் ஏறும்வரை அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார்.

அம்மா கிரைண்டரின் மேல் கோணிப்பையைப் போட்டு மூடினாள். அவள் கொண்டுவந்த சாமான் இனி நமக்கு எதற்கு என்ற ரோஷம். மறுபடி ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தாள். அன்றைக்கே வாடை நின்றுவிட்டது. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை.

"பாத்தீங்களா? ஆளு போச்சி, நாத்தமும் போச்சி" என்றாள் அம்மா.

சித்தப்பா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். சித்தி ஒளித்துத் தின்றாள் என்று நானும்கூட நம்பினேன். பன்னிரண்டு வயசுப் பிள்ளை, மூக்கு சொன்னதை நம்பாமல் வேறு எதை நம்பும்?

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வழி உறவெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அத்தனை பேருக்கு இட்லி மாவு ஆட்டுக்கல்லில் ஆகாது. முதல் நாள் மதியம் அம்மா கோணிப்பையை எடுத்துவிட்டுக் கிரைண்டரைப் போட்டாள். அப்பா அரை நாள் வேலை முடிந்து வந்து மோட்டாரைப் போட்டார். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த சித்தப்பா இஸ்திரி போட்டார். ஈடு பாதி அரைபட்டிருக்கும். அம்மா மாவை வழிக்கிற கையோடு அப்படியே நின்றாள்.

"பாப்பா, உனக்கு வருதா?"

"வருதும்மா" என்றேன்.

அம்மா மாவுக் கையோடு அந்த அறைக்கு ஓடினாள். காலியான கட்டில், தலையணை, பெட்டி இருந்த இடத்தில் தரையில் ஒரு துருக்கோடு. வேறு எதுவும் இல்லை. வாடை மட்டும் இருந்தது, முன்பு வந்ததைவிடப் பலமாக. அம்மா தலையணையை மோந்தாள். சுவரை மோந்தாள். பிறகு உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். அதற்குள் பலகைக்குப் பின்னால் கடுகு வெடிப்பது போலப் படபடவென்று சத்தம் கேட்டது. புகை வந்தது. அப்பா ஓடிவந்து துடைப்பக் கட்டையால் மெயின் ஸ்விட்சைத் தள்ளி அணைத்தார். பலகையின் கீழ் ஓரத்திலிருந்து உருகிய தார் மாதிரி ஒன்று சொட்டித் தலையணைமேல் விழுந்தது. உறை பொசுங்கி உள்ளே இருந்த பஞ்சு புகைந்தது. சித்தி தலை வைத்துப் படுக்கிற இடம்.

பக்கத்துத் தெருவிலிருந்து ஒயரிங் வேலை செய்கிற பாயைக் கூட்டிவந்தார்கள். அவர் பலகையைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்கக் கரி.

"இது ரொம்ப நாளா சுட்டுகினே இருந்திருக்குது சார். இங்க ஸ்க்ரூ லூசு. ஃபியூசுல வேற இம்மாந் தடி கம்பி, எப்படி அறுந்துபோவும்? லோடு ஜாஸ்தியானா இந்த எடம் காயும். இந்தக் கறுப்பு பேக்லைட்டு சூடானா மீன் மாரி நாறும் பாருங்க, அந்த நாத்தம் வர்லியா உங்களுக்கு?"

பையில் டேப்பைத் தேடிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது. அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா கொல்லைப்பக்கம் போய்விட்டார். அம்மா கையில் காய்ந்துபோன மாவைச் சுரண்டிக்கொண்டே நின்றாள். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்பவள் மாதிரி இருந்தாள்.

உறவுக்காரர்கள் வந்து போன அடுத்த வாரம் வாணியம்பாடி போனோம். வருவதாகச் சித்தப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். சித்தியின் அம்மா வாசலிலேயே நின்று கூட்டிக்கொண்டு போனார். உட்கார்ந்ததும் இலை போட்டார். சாம்பார், ரசம், பொரியல், பாயசம். வெங்காயம்கூட இல்லை.

"புதுச் சட்டி வாங்கித்தான் செஞ்சேம்மா. அடுப்பையும் மொழுவிட்டேன். தைரியமா சாப்புடுங்க" என்றார் அம்மாவைப் பார்த்து. அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்றுதான் சொன்னார். அம்மா பிசைந்த சோற்றை வாய்வரை கொண்டுபோய் இலையிலேயே போட்டாள். மறுபடி எடுத்தாள், மறுபடி போட்டாள்.

சித்திதான் ரசம் ஊற்ற வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. அம்மா இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"போர்டு எரிஞ்சி போச்சிம்மா. அந்த நாத்தம் அதுல இருந்துதான் வந்திருக்குது."

"அப்படியாக்கா? யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?"

"ஒண்ணும் ஆவல. புது போர்டு போட்டாச்சி. நீ வந்துடு."

அவ்வளவுதான் அம்மாவால் சொல்ல முடிந்தது. தப்பு முழுக்க ஒயருடையது என்பது போல. நம் பெற்றவர்கள் காலத்தில் பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்டு நாம் யாராவது பார்த்திருக்கிறோமா? வா என்று கூப்பிடுவதுதான் மன்னிப்பு.

"நான் வரலக்கா" என்றாள் சித்தி. ரசம் சிந்தாமல் ஊற்றிவிட்டு நகர்ந்தாள்.

சாப்பிட்டு முடித்துச் சித்தப்பா கை கழுவப் பின்பக்கம் போனார். நான் ஏற்கனவே அங்கே தொட்டியோரம் நின்றிருந்தேன். சித்தி சொம்பில் தண்ணீர் மொண்டு அவர் கையில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"உங்க அண்ணிக்கு மூக்கு ஏமாத்திடுச்சி. அவங்க மேல எனக்குக் கோவம் கொஞ்சந்தான். நீ எங்கூடப் படுத்த. எம் மூச்சு பக்கத்துல உம் மூச்சு இருந்துது. அந்த நாத்தம் எங்கிட்ட இல்லன்னு உனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சும் ஒத்துக்கோன்ன பாரு."

சித்தப்பா ஈரக் கையோடு நின்றார். எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகிச் சில வருஷம் கழித்து, எதற்கோ அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தபோது திடீரென்று புரிந்தது.

சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நடை வந்ததும் அவள் மறுபடி வேலைக்குப் போனாள், வேறு கம்பெனியில். தனிக் குடித்தனம் போகலாம் என்று சித்தப்பா எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போனால் கதவை அடைத்ததும் இல்லை. அவர் போவார், மகளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவார், சாயந்தரம் திரும்புவார். மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை அப்படியே ஓடியது. வேறு கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அப்பாவுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். சாகும்வரை அவர் ஃபியூஸைத் தொடவில்லை. விளக்கு போனால் நாற்காலியில் உட்கார்ந்து ஆள் வரும்வரை காத்திருப்பார்.

போன வருஷம் சித்தப்பா போய்ச் சேர்ந்தார், என் வீட்டில்தான். அம்மாவையும் அவரையும் நான்தான் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தியும் மகளும் வந்தார்கள். சித்திக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. சித்தப்பாவின் காலருகே உட்கார்ந்து வெகுநேரம் அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. எடுத்துப் போன பிறகு, படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்க்க உள்ளே வந்தாள். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஆளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு உம் பொட்டிய நான் தொறக்கச் சொல்லியிருக்கக் கூடாதும்மா."

அத்தனை வருஷத்தில் அம்மா அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சித்தி அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"எந்தப் பொட்டிக்கா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே" என்றாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

ஆட்டோவரை நான் கூடப் போனேன். மகள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நெஜமாவே ஞாபகம் இல்லியா சித்தி?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கொழந்தத் துணியக்கூட மோந்தாங்க பாப்பா. அது எப்படி மறக்கும்? மன்னிச்சிட்டேன்னு சொல்ல வாய் வரல. மறந்துட்டேன்னு சொல்லத்தான் வந்துச்சி."

மகள் கை கொடுத்து ஏற்றிக்கொண்டாள். ஆட்டோ திரும்பிப் போகும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன். அம்மா கண்ணைத் திறந்துகொண்டு வாசற்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகும்போது இன்னா சொன்னா?"

"உன் ஒடம்ப நல்லாப் பாத்துக்கச் சொன்னாங்கம்மா" என்றேன்.